கொத்தமல்லிக் கஞ்சி

இடது கையில் ஒரு கட்டுக் கொத்தமல்லியை வைத்துக்கொண்டு, வலது கையால் அரிவாள்மணையைத் துழாவியபடி அடுப்படியில் குந்தியிருந்தேன். அப்போதுதான் விடிந்திருந்தது. எங்கள் வீட்டில் அந்த நாளில் இருந்ததே ஒரு பல்புதான். அதுவும் முன்கட்டில் தறிக்கு மேலே தொங்கியது. அடுப்படிக்கு ஓட்டிடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிற வெளிச்சம்தான்.

வெளியே தெருவில் சரோஜாவின் குரல் கணீரென்று கேட்டது.

"அண்ணா, அந்தக் கோடியில இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க. நடுவுல தொய்யுது பாருங்க."

சரோஜா என் மனைவி. கல்யாணமாகி நாலு மாதம். நான் பட்டு நெசவாளி. தெருவில் நின்று சத்தம் போட வேண்டியவன் நான், அடுப்படியில் இருக்க வேண்டியவள் அவள். அன்றைக்கு எல்லாம் தலைகீழாகிக் கிடந்தது. காரணம், என் வாய்.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வாயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கண்டக்டரோடு சட்டம் பேசிவிட்டு முசரவாக்கத்திலிருந்து மாமனார் வீட்டுப் பலகாரக் கூடையோடு நடந்தே வந்ததை எழுதிவிட்டேன். மாமனாரையே எதிர்த்துப் பேசி மோரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்ததையும் எழுதிவிட்டேன். இதை மட்டும் வெகு நாளாக ஒளித்து வைத்திருந்தேன். போன வாரம் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு சரோஜா கேட்டாள்: "ஊருல இருக்கறவன் கதையெல்லாம் எழுதறீங்களே, கொத்தமல்லிக் கதைய எப்ப எழுதப் போறீங்க?"

எழுதிவிடுகிறேன் தாயே.

நாலு பேரைக் கேட்டேன்

சரோஜாவின் அப்பாவும் நெசவாளிதான். ஆண் பிள்ளை கிடையாது. அதனால் மகளையே தறியில் உட்கார வைத்துப் பழக்கிவிட்டார். கல்யாணம் பேச வந்தபோது இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சமைக்கத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டேன். கேள்வியைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், நான் நெய்து சுருட்டியிருந்த சேலையை அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணைத் திறக்காமலே ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இந்த எடத்துல அடி லேசா விழுந்திருக்குதுங்க. நெருக்கம் கம்மியா இருக்குது."

பார்த்தேன். இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பெண்கள் தறி வேலை செய்யாமல் இல்லை. நூல் சுற்றுவார்கள், அறுந்த இழையை முடிவார்கள். கரையைத் தனி நூலால் கோத்து நெய்கிற கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளுவார்கள். ஆனால் நடுவில், குழிக்குள் காலை விட்டு மிதிக்கிற இடம் ஆண்பிள்ளைக்கு. ஏன் என்று நான் பிற்பாடு நாலு பேரைக் கேட்டேன். ஒருவர் காலுக்கு ஆகாது என்றார். ஒருவர் வழக்கமில்லை என்றார். ஒருவர் தறி கோபித்துக்கொள்ளும் என்றார். நாலாவது ஆள், "இத்த உன்ன யாரு கேக்கச் சொன்னது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சரோஜாவுக்கு நடு இடம் வேண்டும். அதைக் கேட்டாள். முதலில் சிரித்துக்கொண்டு கேட்டாள், அப்புறம் சிரிக்காமல் கேட்டாள். ஒருநாள் மத்தியானம் தக்காளி சாதத்தையும் தயிர்ப் பச்சடியையும் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு மொழம். ஒரே ஒரு மொழம் நெய்ஞ்சி காட்டறேன். நல்லா இல்லன்னா அறுத்துப் போடுங்க."

"தறி இன்னா அடுப்பா, யாரு வேணா குந்தறதுக்கு?"

"அடுப்புல மட்டும் யாரு வேணா குந்தலாமா?"

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. இலையில் கிடந்த பச்சடியைச் சுட்டு விரலால் காட்டினேன்.

"தோ, இந்தப் பச்சடியையே எடுத்துக்க. இதுல இன்னா வேல இருக்குது? தயிர ஊத்தணும், தழையக் கிள்ளிப் போடணும். நாடா போட்டுக்கினே ஒத்தக் கையால பண்ணிடுவேன் நானு."

சொல்லிவிட்டு அந்தப் பச்சடியையே இன்னொரு கரண்டி கேட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

சரோஜா சண்டை போடவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பயம், இன்றைக்கும்.

"சரி. அடுத்த பாவு அன்னிக்கு நீங்க பச்சடி பண்ணுங்க. தெருவுல நின்னு பாவ நான் பாத்துக்கறேன். சாப்டறவங்க நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா, இந்த ஜென்மத்துல தறியப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். சொல்லலன்னா, அந்தப் பாவ நான்தான் நெய்வேன். நடுவுல குந்தி."

"நல்லா இருக்குதா இல்லியான்னு யாரு சொல்றது?"

"ஏகாம்பரம் அண்ணன்."

ஒப்புக்கொண்டேன்.

தெருவே வரும் நாள்

பாவு என்றால் சேலையின் நீளவாட்டு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் ஏழெட்டு வீட்டு நீளத்துக்கு விரித்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்து, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்போம். கஞ்சி ஏறினால்தான் நூலுக்கு விறைப்பு. வெயில் உறைப்பதற்குள் தடவி முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு உயிரை எடுக்கும்.

ஒருவர் இருவரால் ஆகிற காரியம் இல்லை. தெருவே வரும். அதற்குக் கூலி கிடையாது, சாப்பாடுதான். எந்த வீட்டுப் பாவோ அந்த வீட்டில் பந்தி. பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட அன்றைக்கு வந்து ஒரு பக்கம் பிடிப்பான், சாப்பிடுவான், மறுநாள் மறுபடியும் பேசமாட்டான்.

ஏகாம்பரம் அண்ணன் எங்கள் தெருப் பாவுகளுக்கெல்லாம் முன்னால் நிற்கிறவர். ஐம்பது வயது, பெரிய மீசை, அதைவிடப் பெரிய வயிறு. சாப்பாட்டு விஷயத்தில் அவருக்குத் தாட்சண்யம் கிடையாது. கல்யாணப் பந்தியில் சம்பந்தியைக் கூப்பிட்டு, "சாம்பார்ல பருப்பு எங்கப்பா, ஊருக்குப் போயிருக்குதா?" என்று கேட்டவர். அவர் நல்லது என்றால் நல்லதுதான்.

பந்தயத்தை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டு நாகரத்தினம்மாவுக்கு எங்கள் வீட்டுப் பேச்சு அவர் வீட்டு அடுப்பங்கரை வரை கேட்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எருமை வைத்திருந்தார், வாய்க்கு அலுப்பே தெரியாதவர். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

பாவுக்கு முதல் நாள் வாசலில் நின்றுகொண்டு கேட்டார். "ஏமய்யா முருகேசு, நாளைக்கி உன் பச்சடிக்கிப் பெருகு எத்தினி படி? ரெண்டா, மூணா?"

"தயிரு மூணு படி குடுங்க. ரெண்டாவது வாட்டி கேப்பாங்க."

நாகரத்தினம்மா வீட்டுக்குள் போய்ச் சிரித்தார். ஆனாலும் கேட்டது.

தெரியும் போ

மறுநாள் விடிகாலையிலேயே சரோஜா பெரிய அண்டாவில் பிரிஞ்சி சோறு ஆக்கி இறக்கிவிட்டாள். பட்டை கிராம்பு வாசனை தெருக்கோடி வரை போயிற்று. முந்தின நாள் சாயங்காலமே பாவுக்கான கஞ்சியையும் காய்ச்சி வடித்து ஆறவைத்திருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போகும்போது திரும்பி நின்றாள்.

"கதவாண்ட இருக்கற பான தயிரு. மூலையில இருக்கறது கஞ்சி, அத்தத்..."

"தெரியும் போ."

"இல்லங்க, ரெண்டும் ஒரே..."

"தெரியும் போன்னா போயேன்!"

போய்விட்டாள்.

இரண்டும் ஒரே அளவு மண்பானை. இரண்டுக்கும் மேலே ஒரே மாதிரி அலுமினியத் தட்டு. இதைத்தான் அவள் சொல்ல வந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நறுக்குகிற வேலையை நான் குறைசொல்ல முடியாதபடி செய்தேன். கொத்தமல்லி இரண்டு பங்கு, புதினா ஒரு பங்கு. அந்தக் கணக்கு மார்க்கெட்டில் கீரை விற்ற பாய் சொன்னது. "சரிக்குச் சரி போட்டா புதினா நவாப் கணக்கா நடுவுல வந்து குந்திக்கும்மா" என்று சரோஜாவிடம் அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். இஞ்சியைத் தட்டினேன். சின்ன வெங்காயத்தைப் பொடிப் பொடியாக அரிந்தேன். இழை பிரித்துப் பழகிய விரல் அல்லவா, எல்லாம் ஒரே அளவில் விழுந்தன. நானே எடுத்து எடுத்துப் பார்த்து ரசித்தேன்.

கடைசியாகப் பச்சை மிளகாய். பன்னிரண்டு. அரிந்து முடித்ததும், வெங்காயத்தால் கண்ணில் தண்ணீர் கோத்திருக்கிறதே என்று அந்தக் கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

ஐயோ!

அப்புறம் நடந்ததெல்லாம் அரைக்கண்ணால் பார்த்துச் செய்தது. தட்டுத்தடுமாறி ஒரு பானையை இழுத்தேன். தட்டை எடுத்தேன். மேலே கெட்டியாக ஆடை படிந்திருந்தது. ஆகா, எருமைத் தயிர் என்றால் இதல்லவா தயிர் என்று அந்த எரிச்சலிலும் மெச்சிக்கொண்டேன். அரிந்ததையெல்லாம் அள்ளிக் கொட்டினேன், கரண்டியை விட்டு நாலு சுழற்றுச் சுழற்றினேன், மூடினேன், கொல்லைக் கிணற்றடிக்கு ஓடினேன்.

ருசி பார்த்தாயா என்று கேட்காதீர்கள். தன்மேல் நம்பிக்கை இல்லாதவன்தான் ருசி பார்ப்பான் என்பது அப்போது என் எண்ணம்.

முதல் கேள்வி

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது சரோஜா கஞ்சிக்காக வந்திருந்தாள். மிச்சமிருந்த பானையைத் திறந்து, பதம் பார்க்க இரண்டு விரலை விட்டாள். அப்படியே நின்றாள். விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள்.

"ஏங்க."

"இன்னா?"

"இது தயிரு."

"அதுல இன்னா? தயிர்ப் பச்சடிக்குத் தயிரு இல்லாம..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன்.

அவள் இன்னொரு பானையைத் திறந்தாள். வெள்ளைக் கஞ்சியில் கொத்தமல்லியும் புதினாவும் மிளகாயும் மிதந்துகொண்டிருந்தன. வெங்காயம் ஒரே அளவில் இருந்தது.

பத்து வயதிலிருந்து கஞ்சியில் கை விட்டவன் நான். என் அப்பா, அவர் அப்பா எல்லாரும் விட்டவர்கள். கஞ்சிக்கும் தயிருக்கும் வித்தியாசம் தெரியாத நெசவாளி இந்தக் காஞ்சிபுரத்தில் பிறந்ததில்லை என்று யாராவது சொன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

சரோஜா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பதறிப்போய்ப் பக்கத்தில் குனிந்தேன். சிரிப்பு. சத்தம் வெளியே போகாமல் இருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நொடி ஓட்டிடுக்கு வெளிச்சத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் பாவு விரிந்து கிடந்தது, பத்துப் பேர் கஞ்சிக்காக நின்றுகொண்டிருந்தார்கள். புதிதாகக் காய்ச்சி ஆறவைக்க நேரமில்லை. எதிர்வீட்டில் போய்க் கேட்டால், ஏன் என்ற கேள்வி வரும். காரணம் தெரிந்தால் என்னை நம்பி எந்தப் பட்டுக் கடைக்காரர் இனிமேல் நெய்யப் பாவு கொடுப்பார்?

"உப்பு போட்டீங்களா?" என்றாள்.

"உப்பா?"

"கஞ்சியில உப்பு போட்டீங்களா, இல்லியா? நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க."

யோசித்தேன். மிளகாய், கண், பானை, கரண்டி, கிணறு.

"மறந்துட்டேன்."

அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "காமாட்சித் தாயே! கரையில ஜரிக இருக்குதுங்க இந்தப் பாவுல. உப்புக் கஞ்சி பட்டுதுன்னா கறுத்துப் பூடும். நல்ல வேள மறந்தீங்க. கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க உருப்படியா மறந்தது இது ஒண்ணுதான்."

வடிகட்டுவதற்கு வெள்ளைத் துணி கேட்டாள். துவைத்த வெள்ளைத் துணி என்று வீட்டில் இருந்தது, தலை தீபாவளிக்கு என் மாமனார் எடுத்துக்கொடுத்த வேட்டிதான். ஒரு தடவை கட்டியது. எடுத்துக் கொடுத்தேன்.

நான் வேட்டியின் நாலு முனையையும் பிடித்துக்கொள்ள, அவள் கஞ்சியை ஊற்றினாள். கீழே வைத்த சின்ன அண்டாவில் சுத்தமாக இறங்கியது, லேசான பச்சை நிறத்தில். அரக்குப் பாவு, அதில் தெரியாது. துணியில் தங்கிய தழையையும் வெங்காயத்தையும் தண்ணீரில் இரண்டு தடவை அலசி, இறுக்கிப் பிழிந்து, தயிர்ப் பானையில் போட்டாள். கரண்டியால் கிண்டவில்லை, கையை விட்டுப் பிசைந்து கலந்தாள். கெட்டித் தயிர் கூழாக மசியாமல், தண்ணீராகவும் ஓடாமல் இருந்தது.

"உப்ப இப்ப போடக் கூடாது. தயிரு தண்ணி விட்டுக்கும். எல போட்டப்பறம் போட்டுக்கலாம்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க வெளிய வராதீங்க. கண்ணு மொளகாப்பழம் மாதிரி செவந்து கெடக்குது. யாராச்சும் கேட்டா சொல்றதுக்கு எனக்குப் பொய் பத்தாது."

கஞ்சி அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

புது அரிசி

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முன்னால் நின்று கஞ்சியைத் தொட்டுத் தடவிக்கொண்டே போக, மற்றவர்கள் இரண்டு பக்கமும் நின்று இழையைப் பிரித்துக்கொண்டே போனார்கள். கை எப்படிப் போயிற்று தெரியுமா? ஓர் இடத்தில் அதிகம் ஓர் இடத்தில் குறைவு என்பதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஏகாம்பரம் அண்ணன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"இன்னாமா கஞ்சி இது? கையெல்லாம் எரியுது."

"புது அரிசிண்ணா."

"புது அரிசின்னா எரியுமா?"

"எங்க ஊரு அரிசி எரியும்ணா."

அவர் நம்பினாரோ இல்லையோ, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அதற்குள் எங்கிருந்தோ ஓர் ஆடு வந்தது. பாவின் அடியில் புகுந்து மூக்கைத் தூக்கி மோந்துகொண்டே நடந்தது. விரட்டினால் அந்தப் பக்கம் போய் மறுபடியும் வந்தது. அப்புறம் இன்னொரு ஆடு.

"ஏமே சரோஜா, மேக்கால எல்லாம் இங்கயே சுத்திக்கினு இருக்குதே, ஏமி சங்கதி?" என்று நாகரத்தினம்மா வாசலிலிருந்து கேட்டார். மேக்கா என்றால் ஆடு என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

"தெரியலயேக்கா. பிரிஞ்சி வாசனைக்கு வருதுங்களோ என்னவோ."

வெயில் உறைப்பதற்குள் பாவு காய்ந்து விறைத்துவிட்டது. ஓர் இழைகூட ஒட்டவில்லை. சுருட்டி உள்ளே கொண்டுவந்தபோது என் பக்கமாகப் போயிற்று. கமகமவென்று கொத்தமல்லி வாசனை.

தீர்ப்பு

பந்தி உட்கார்ந்தது. தையல் இலையில் பிரிஞ்சி சோறு விழுந்தது. பச்சடிப் பானையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்து பரிமாற வேண்டும், அதுதான் பேச்சு. சரோஜா உப்பைப் போட்டு ஒரு கலக்குக் கலக்கி என் கையில் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

ஏகாம்பரம் அண்ணன் இலைக்கு முதல் கரண்டி. எல்லாரும் கையை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தார்கள். நாகரத்தினம்மா இதற்காகவே வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

அண்ணன் முதலில் பச்சடியை மட்டும் நக்கிப் பார்த்தார். பிறகு சோற்றோடு பிசைந்து ஒரு வாய். கண்ணை மூடினார். மீசை மட்டும் அசைந்தது. இலையில் மிச்சமிருந்ததை வழித்து வாயில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

"இன்னொரு கரண்டி ஊத்துடா."

ஊற்றினேன்.

"காரம் இருக்குது, ஆனா கடிக்கல. புதினாவும் தூக்கல. இன்னாத்தப்பா சொல்றது! முருகேசா, ஜெயிச்சிட்டடா!"

பந்தி முழுக்க ஓ என்று கத்தியது. ஒருத்தன் என் முதுகில் தட்டினான். இன்னொருத்தன் கதவுப் பக்கம் திரும்பி, "போம்மா போ, தறி போச்சி. போய் அடுப்பப் பாரு" என்று கேலி பண்ணினான்.

நான் சரோஜாவைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவாள், சொல்ல வேண்டியதுதானே என்று நினைத்தேன். சொன்னால் தறி அவளுக்கு.

"ஆமாண்ணா" என்றாள். "அவருதான் பண்ணாரு. நல்லா வந்திருக்குது. நான் தோத்துட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது எனக்குத் தெரிந்த சிரிப்பு இல்லை. திரும்பித் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். யாருக்கும் ஊற்றுவதற்கு இல்லை. அந்தக் குளிர்ந்த செம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். பன்னிரண்டு மிளகாய் இறங்கிய கஞ்சியை மற்றவர்கள் ஓரத்தில் தொட்டார்கள், இவள் ஒரு மணி நேரத்துக்கு மேலாக முழங்கை வரை விட்டு அள்ளித் தடவியிருக்கிறாள். விரல் முதல் முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது. தெருவுக்கு முன்னால் நான் அசடாகிவிடக் கூடாது என்று, எது வேண்டுமென்று நாலு மாதமாகக் கெஞ்சினாளோ அதையும் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சும்மா இருந்தாலே போதும், ஆயுசுக்கும் அவள் தறிப் பேச்சு எடுக்கமாட்டாள். வாழ்நாளெல்லாம் மூட வேண்டிய நேரத்தில் திறந்த வாய், அன்றைக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பச்சடிப் பானையைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, நான் பண்ணது பச்சடி இல்லண்ணா."

"பின்ன இன்னாடா இது?"

"நான் தழைய எல்லாம் கஞ்சியில கலந்துட்டேன். தயிருன்னு நெனச்சி. அவதான் அத்த வடிகட்டி எடுத்தா. தடவனீங்களே, அதான் அந்தக் கஞ்சி. துன்னுக்கினு இருக்கறீங்களே, இது அவ பண்ண பச்சடி."

ஏகாம்பரம் அண்ணன் மெதுவாகத் தன் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அடப்பாவி! அதான் கை எரிஞ்சிதா?"

"அந்த மேக்கா!" என்று நாகரத்தினம்மா ஒரு கூச்சல் போட்டார். அப்படியே சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தவர், சரிந்து தரையில் உட்கார்ந்தும் நிறுத்தவில்லை. பிறகு பந்தியே சிரித்தது. ஒருத்தனுக்குப் புரையேறி, தலையில் தட்டவேண்டியதாயிற்று. என் கஞ்சியை, என் அப்பாவை, என் மீசையை, எதையும் விட்டுவைக்கவில்லை. நான் நின்று வாங்கிக்கொண்டேன்.

சிரிப்பு அடங்க, அண்ணன் இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"பச்சடி பண்ணது அந்தப் பொண்ணு. கஞ்சியக் காப்பாத்தனதும் அந்தப் பொண்ணு. பாவத் தடவனதும் அந்தப் பொண்ணு. நீ இன்னாதான்டா பண்ண?"

"வெங்காயம் அரிஞ்சேண்ணா."

"அது நல்லா இருக்குது" என்றார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். "யம்மா, பந்தயம்னா பந்தயம். அந்தப் பாவ நீயே நெய்ம்மா. எவனாச்சும் கேட்டான்னா என்னாண்ட அனுப்பு."

சரோஜா செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்படியில், பச்சைக் கறை படிந்த வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

நடு இடம்

அடுத்த வெள்ளிக்கிழமை பாவு தறிக்கு ஏறியது. சரோஜா குளித்து, மஞ்சள் பூசி, காமாட்சியம்மன் கோயில் குங்குமத்தை முதலில் தறிக்கும் பிறகு தனக்கும் வைத்துக்கொண்டு குழியில் இறங்கினாள். நான் பக்கத்தில், அதுவரை அவள் உட்கார்ந்த இடத்தில், கரை நாடாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் நாள் தெருவில் போகிற ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் எங்கள் வாசலில்தான் செருப்பு அறுந்தது. நின்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சேலை ஒரு சாண் வளர்ந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன். எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை.

"இன்னா பாக்கறீங்க?"

"தப்பு இருக்குதான்னு."

"இருக்குதா?"

"உப்பு கம்மி" என்றேன். நாடாவாலேயே என் முட்டியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்தப் பாவிலிருந்து மூன்றாம் சேலை இறங்குகிற வரைக்கும் மடிப்பில் கொத்தமல்லி வாசனை இருந்தது. கடைக்காரர் மடித்துப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, ஒன்றும் புரியாமல் எடுத்து வைத்துக்கொண்டார். யார் கட்டினார்களோ, முகூர்த்தத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தார்களோ என்னவோ.

எனக்குக் கொத்தமல்லி முருகேசன் என்று பெயர் வந்தது. என் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுகூட அந்தத் தெருவில், "யாரு, கொத்தமல்லி வூட்டுக் கல்யாணமா?" என்றுதான் கேட்டார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பச்சடி நான்தான் செய்கிறேன். கொத்தமல்லி இரண்டு பங்கு, புதினா ஒரு பங்கு, வெங்காயம் ஒரே அளவில். கலந்து முடித்ததும் பானையையும் உப்பையும் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்குப் போவேன். சரோஜா தறியிலிருந்து எழுந்திருக்கமாட்டாள். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள், விரலை விட்டுத் தேய்த்துத் தயிர்தானா என்று பார்ப்பாள், அப்புறம்தான் உப்பைப் போடுவாள்.